விலைக்கு விற்ற மொழி

1945 ஒக்டோபருக்கு முன் இலங்கையில் ஆங்கிலம் விலைக்கு விற்ற பண்டம். தாய்மொழிப் பாடசாலைகளில் கட்டணமில்லை. உத்தியோகம் தரும் ஆங்கிலமோ பெரும்பாலும் அங்கே இல்லை. அதற்குப் பணம் கட்டிப் படிக்கும் ஆங்கிலப் பாடசாலைகள் வேறாக இருந்தன.

கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் அந்தச் சுவரை இடித்தது. ஆரம்ப வகுப்புகளுக்குத் தாய்மொழியே போதனாமொழி. ஆங்கிலம் எல்லோருக்கும் இரண்டாம் மொழி. தமிழாசிரியனான நானும் இதை நியாயமென்றே சொல்வேன். ஆனால், கற்பிக்க ஆசிரியர் எங்கே? கிராமங்களில் எழுந்த மத்திய பாடசாலைகள் சிலரைக் கரையேற்றின. மற்றப் பாடசாலைகளில் ஆங்கிலம் நேரசூசியில் மட்டும் இருந்தது.

இன்றும் மாலையானால் வெள்ளவத்தையில் ஆங்கில ரியூசனுக்குப் பிள்ளைகள் ஓடுகிறார்கள், பாடசாலையில் இலவசமாய்க் கிடைக்கும் அதே பாடத்துக்கு. என் வகுப்பில் கொட்டாஞ்சேனைத் துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகன் இருக்கிறான். அவன் நேரே வீட்டுக்குப் போகிறான்.