சராசரிப் பிழையும் தப்பிய மேகமும்: வான்படவழிச் சூரிய மின் முன்கணிப்பை மதிப்பிடல்

திரள்மேகம் ஒன்று குறுக்கிட்டால் சிறிய சூரிய மின் நிலையத்தின் உற்பத்தி ஒரு நிமிடத்துக்குள் பாதிக்கும் கீழே இறங்கிவிடலாம். இந்த வீழ்ச்சியை முன்னறிவதற்காகவே, மீன்கண் வில்லை பொருத்திய ஒளிப்படக் கருவியைத் தரையில் நிறுவி வானம் முழுவதையும் இடைவிடாமல் படமெடுக்கிறார்கள். ஆனால் இப்படங்களைக் கொண்டு செய்யும் முன்கணிப்பின் தரத்தைப் பெரும்பாலான ஆய்வுகள் சராசரிப் பிழையால் மட்டுமே நிறுவுகின்றன. கருவி எதற்காக வைக்கப்படுகிறதோ அந்தப் பயனை இவ்வளவுகோல் அளப்பதில்லை. சில வேளைகளில் அதற்கு எதிராகவே தீர்ப்புச் சொல்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் கருவியின் எல்லையைக் காண்போம். தலைக்கு நேர்மேலிருந்து 75 பாகை சாய்வு வரை படம் தெளிவாக இருப்பதாகக் கொண்டால், 1,000 மீட்டர் உயர மேகம் ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் தொலைவிலேயே கண்ணில் படும். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நகர்ந்தால் அது தலைக்கு மேல் வர ஆறு நிமிடமே ஆகும். இந்திய மின்தொகுப்பில் ஒரு நாள் 15 நிமிட அளவில் 96 காலக்கூறுகளாகப் பிரிக்கப்பட்டு உற்பத்தி அட்டவணை வகுக்கப்படுகிறது. அதற்கு இந்த ஆறு நிமிடம் போதாது; செயற்கைக்கோள் படங்களும் வானிலை மாதிரிகளுமே ஏற்றவை. வான்படத்தின் களம் வேறு: மின்கலத்தை இயக்குவதா, டீசல் ஜெனரேட்டரைத் தயார்நிலையில் வைப்பதா என்று சில நிமிடங்களில் எடுக்க வேண்டிய முடிவுகள்.

இத்துறையில் இரு வழிகள் உள்ளன. ஒன்று, சிவப்பு, நீல ஒளிகளின் விகிதத்தால் மேகத்தைப் பிரித்தறிந்து, அடுத்தடுத்த படங்களிலிருந்து அதன் நகர்வைக் கணிப்பது. கதிரவனைச் சுற்றியுள்ள கூசொளியில் இவ்விகிதம் தடுமாறுகிறது. மிக முக்கியமான பகுதியும் அதுவே. மற்றது ஆழ்கற்றல். 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வான்படங்களிலிருந்தே 30 கிலோவாட் கூரை நிலையத்தின் உற்பத்தியைக் கணிக்க நரம்பு வலையமைப்பைப் பயிற்றினர்.

எவ்வழியாயினும் ஒப்பீடு பெரும்பாலும் நிலைப்பு முன்கணிப்போடுதான். வானம் இப்போது இருப்பதுபோலவே நீடிக்கும் என்று கொண்டு, கதிரவனின் நகர்வை மட்டும் சரிசெய்வது அது. இங்கேதான் சிக்கல். 100 கிலோவாட் தரும் நிலையத்தில் 10ஆம் நிமிடம் முதல் 13 வரை உற்பத்தி 40 ஆகக் குறைகிறது என்போம். நிலைப்பு முன்கணிப்பு வீழ்ச்சியை அறவே காணாது; நான்கு நிமிடங்களில் தலா 60 கிலோவாட் பிழை. இன்னொரு முன்கணிப்பு, அதே வீழ்ச்சியை 6 முதல் 9 வரை என்று சற்று முந்திச் சொல்கிறது. இப்போது எட்டு நிமிடங்களில் தலா 60 பிழை. சராசரியின்படி எச்சரித்தது இருமடங்கு மோசம். இயக்குநருக்கோ எச்சரித்ததே பயன்பட்டது.

இருபடிப் பிழையைக் குறைக்கும்படி பயிற்றப்படும் வலையமைப்பு, நேரம் தவறிய எச்சரிக்கைக்குக் கிடைக்கும் இத்தண்டனையைத் தவிர்க்கக் கற்றுக்கொள்கிறது. வரக்கூடிய பல நிலைகளின் சராசரியையே விடையாகத் தருகிறது. பலேட்டா, ஆர்போ, லேசன்பி ஆகியோர் பாரிசுக்கு அருகேயுள்ள சிர்ட்டா ஆய்வகத் தரவுகளைக் கொண்டு 2021இல் வெளியிட்ட ஒப்பாய்வு இதற்குச் சான்று. அவர்கள் சோதித்த ஆழ்கற்றல் மாதிரிகள் மதிப்பெண்ணில் நிலைப்பை விஞ்சின. ஆனால் திடீர் மாற்றங்களில் அதைப்போலவே பின்தங்கின.

சராசரிப் பிழைக்குப் பதிலாக முன்னறிந்த வீழ்ச்சிகளை மட்டும் எண்ணினால், ஓயாமல் எச்சரிக்கும் மாதிரியே வெல்லும் அல்லவா என்ற மறுப்பு நியாயமானது. எனவே முன்னறிந்த வீழ்ச்சிகளின் விழுக்காட்டுடன் பொய் எச்சரிக்கைகளின் எண்ணிக்கையும், கிடைத்த முன்னவகாசமும் சேர்த்தே தரப்பட வேண்டும். ஒற்றை எண்ணுக்குப் பதில் நிகழ்தகவாகச் சொல்லப்படும் கணிப்பு இன்னும் நேர்மையானது: பொய் எச்சரிக்கையால் வீணாகும் டீசலுக்கும் தப்பிய மேகத்தால் வரும் இழப்புக்கும் உள்ள விகிதத்தை வைத்து, எந்த வாய்ப்பளவில் செயல்படுவது என்பதை ஒவ்வொரு நிலையமும் தானே வரையறுத்துக்கொள்ளலாம். மாதாந்திர உற்பத்திக் கணக்குக்குச் சராசரிப் பிழை போதும். மேகம் நெருங்கும் ஆறு நிமிடங்களுக்கு அது போதாது.