தாம்பரத்துக்கு வந்த லுதுலி

1938 டிசம்பரில் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரியில் சர்வதேச மிஷனரி கவுன்சில் மாநாடு நடந்தது. அது பற்றிப் பேசுகிறவர்கள் ஹென்றிக் கிரேமரின் புத்தகத்தையும், அதற்குச் செஞ்சையா, சக்கரைச் செட்டியார் முதலியோர் சொன்ன மறுப்பையும்தான் பேசுகிறார்கள். தென்னாப்பிரிக்காவிலிருந்து ஆல்பர்ட் லுதுலியும் மினா சோகா என்ற பெண்மணியும் வந்திருந்தது யார் நினைவிலும் இல்லை. லுதுலி அப்போது நேட்டாலில் க்ரூட்வில் என்ற ஊரின் தலைவர். 1960க்கான நோபல் சமாதானப் பரிசெல்லாம் பிற்பாடு.

நான் வேலை பார்க்கும் வங்கிக்கு ஓர் இளைஞர் கல்விக் கடன் கேட்டு வந்தார். கிழக்குத் தாம்பரத்துக்காரர். ஆப்பிரிக்க, கறுப்பினப் புலப்பெயர்வு வரலாறு படிக்க அமெரிக்கா போகிறார். வேலை கிடைக்குமா என்று அதிகாரி கேட்டது நியாயம். கடன் திரும்ப வேண்டுமே. “நமக்கும் ஆப்பிரிக்காவுக்கும் என்ன சம்பந்தம், தம்பி?” என்று அடுத்துக் கேட்டதுதான் யோசிக்க வைத்தது. கறுப்புக் கவிதைகளை ஆங்கிலம் வழி மொழிபெயர்த்துப் போடும் நாமும் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னதில்லை.

சம்பந்தம் கரும்பில் இருக்கிறது. பிரிட்டிஷ் காலனிகளில் 1834இல் அடிமைமுறைக்கு முடிவு வந்தது; தோட்டங்களுக்கு ஆள் தேவைப்படுவது முடியவில்லை. ஒப்பந்தக் கூலிமுறை அந்த இடத்தை நிரப்பிற்று. நேட்டாலில், சொந்த நிலமும் மாடும் வைத்திருந்த ஜூலுக்கள் வெள்ளையர் தோட்டத்தில் உழைக்க இசையவில்லை. மதராஸிலிருந்து 342 பேரோடு கிளம்பிய ‘ட்ரூரோ’ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. லுதுலியின் க்ரூட்வில் அந்தக் கரும்புப் பிரதேசத்தைச் சேர்ந்தது. அவரும் கரும்பு பயிரிட்டவர். பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்தில் அழும் நம் பெண்களைப் பாரதி நமக்குக் காட்டினார். நேட்டாலில் வேலிக்கு மறுபக்கம் நின்ற ஜூலுவை நாம் பார்க்கவில்லை.

இதைச் சகோதரத்துவக் கதையாக்கிவிட முடியாது. டர்பன் தபாலாபீசில் ஆப்பிரிக்கருக்கும் தங்களுக்கும் ஒரே வாசல் என்பதை ஆட்சேபித்து, 1890களில் இந்தியர் தனிவாசல் வாங்கினார்கள். கேட்டவர்களில் காந்தியும் உண்டு. 1949 ஜனவரியில் அதே டர்பனில் ஆப்பிரிக்கர் இந்தியரைத் தாக்கினர், போலீஸ் சுட்டது. செத்த 142 பேரில் ஆப்பிரிக்கரே அதிகம். ஆனால் 1947இலேயே டாக்டர் ஜி. எம். நாய்க்கர், தாதூவுடன் சேர்ந்து, ஆப்பிரிக்கத் தலைவர் சூமாவோடு ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டிருந்தார். 1956இல் தேசத்துரோகக் குற்றச்சாட்டில் கைதானவர்களில் நாய்க்கரும் உண்டு, லுதுலியும் உண்டு.

அந்த இளைஞர் படிக்கப்போகும் துறை தானமாகக் கிடைத்ததல்ல. 1968 நவம்பரில் சான்பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் மாதக் கணக்கில் நீடித்தது; தங்கள் சரித்திரத்துக்கென்று ஒரு துறையை அப்படித்தான் வாங்கினார்கள். அங்கே தமிழன் வெறும் பார்வையாளனாக உட்கார முடியாது. கப்பலேறியவனின் கணக்கும், தனிவாசல் கேட்டவனின் கணக்கும் அவன் பேரில் இருக்கின்றன. முதல் கணக்கை மட்டும் காட்டினால் அது பச்சாதாபம். இரண்டையும் எடுத்து வைத்தால்தான் படிப்பு.