ஆக்: பழைய நிரல்களைக் கலைக்காமல்

‘தமிழ்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள் என்று ஒரு பள்ளிப் பிள்ளையைக் கேட்டால் தயங்காமல் 3 என்று சொல்லிவிடும். இதே கேள்வியை யுனிக்ஸில் இருக்கும் ‘ஆக்’ என்ற கட்டளையின் மூல வடிவத்திடம் கேட்டால், நெடுங்காலம் 15 என்றே விடை வந்தது. இப்போதைய பதிப்பு 5 என்கிறது. 15 எப்படி 5 ஆயிற்று, அப்படி ஆனபோதும் பழைய நிரல்கள் எப்படிப் பிழைத்திருந்தன என்பதே நாம் இங்கே பார்க்க விரும்புவது.

1977-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் ஆஹோ, பீட்டர் வைன்பெர்கர், பிரையன் கெர்னிகன் ஆகிய மூவர் இதை எழுதினார்கள். மூவர் பெயரின் முதலெழுத்துகளே கட்டளையின் பெயராயின. ஒரு கோப்பை வரிவரியாகப் படிக்கும்; ஒவ்வொரு வரியையும் இடைவெளி கண்ட இடத்தில் துண்டுகளாகப் பிரிக்கும்; நாம் சொன்ன அடையாளம் உள்ள வரி வந்தால் நாம் சொன்ன வேலையைச் செய்யும். ஒரு கணக்குப் பட்டியலில் மூன்றாம் பத்தியை மட்டும் கூட்டித் தரச் சொல்லும் நிரல் ஒன்றரை வரிக்குள் முடிந்துவிடும். 1979-இல் வெளியான யுனிக்ஸ் ஏழாம் பதிப்போடு இது ஆய்வகத்துக்கு வெளியே போயிற்று.

ஓரிரு வரி நிரல்களுக்காகத்தான் அவர்கள் இதைச் செய்தார்கள். மக்கள் பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கினார்கள். ஆகவே 1985-இல் மொழியை விரிவாக்க வேண்டி வந்தது: பயனரே செயற்கூறுகளை வரையறுக்கலாம், ஒரே நேரத்தில் பல கோப்புகளிலிருந்து படிக்கலாம், தேடும் அடையாளத்தை ஓட்டத்தின்போதே உருவாக்கலாம். புதியதைப் பழைய பெயரிலேயே வைப்பதா என்ற கேள்வி அப்போது எழுந்தது. சில யுனிக்ஸ்களில் பழையது ‘ஆக்’ என்றே இருக்க, புதியது ‘நாக்’ (புதிய ஆக்) என்ற பெயரில் பக்கத்தில் குடியேறியது. சோலாரிஸ் நெடுங்காலம் இந்த இரட்டைக் குடித்தனத்தை நடத்தியது. இது பாதுகாப்பான வழிதான்; ஆனால் சோம்பேறி வழி என்பது நம் எண்ணம். எதை எழுதினால் எங்கே ஓடும் என்ற குழப்பத்தை முழுவதுமாகப் பயனர் தலையில் கட்டிவிடுகிறது.

இதைவிடச் சுவையானது ஒரு பிழைதிருத்தத்தின் கதை. ஆக்கை இயக்கும்போது கோப்புப் பெயர்களின் நடுவே ஒரு மாறிக்கு மதிப்பும் கொடுக்கலாம். வரிசையில் அதன் முறை வரும்போதுதான் அந்த மதிப்பு ஏறும் என்று ஆவணம் சொன்னது. எந்தக் கோப்பையும் தொடுவதற்கு முன் ஓடுவது ‘பிகின்’ என்ற தொடக்கப் பகுதி. ஆகவே அங்கே அந்த மதிப்பு தெரியக்கூடாது. ஆனால் ஆரம்பகால ஆக்கில் முதல் கோப்புப் பெயருக்கு முன்னால் மதிப்பைக் கொடுத்தால், அது தொடக்கப் பகுதிக்கும் முன்பே ஏறிவிட்டது. ஆவணத்தின்படி பிழை, பயன்படுத்தியவர்களுக்கோ மிக வசதி. பிறகு ஆவணம் சொன்னபடியே நிரலைச் சரிசெய்தபோது, அந்தப் பிழையை நம்பி எழுதப்பட்டவை நின்றுபோயின. நின்றவற்றுக்கு ஈடாகத்தான் சிறுகோடும் ‘வி’ என்ற எழுத்துமான தெரிவு பிறந்தது: இதன் வழியே கொடுத்த மதிப்பு தொடக்கப் பகுதிக்கு முன்பே ஏறும். இன்று ஆக் பழகுகிறவர்கள் முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொள்கிறார்கள். ஒரு பழைய பிழைக்குக் கொடுத்த நஷ்டஈடு அது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

எல்லாவற்றுக்கும் இப்படி நயமான தீர்வு கிடைத்துவிடவில்லை. துண்டுகளைப் பிரிக்கும் குறியாக ‘டி’ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தைக் கட்டளை வரியில் தனியே கொடுத்தால், மூல ஆக் அதை ‘டி’ என்று கொள்ளாது. டேப் என்று கொள்ளும். அந்த எழுத்தைக் கொண்டே வரியைப் பிரிக்க விரும்பும் அபூர்வ மனிதர் சுற்றுவழியில்தான் போக வேண்டும். (இதே ஆய்வகத்தில் 1976-இல் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய ‘மேக்’ கட்டளையிலும் டேப்பால் வந்த தொல்லை பெயர்பெற்றது. ஒரு டஜன் பேர் பயன்படுத்துகிறார்களே, அவர்களைக் கலைக்க வேண்டாமென்று அவர் அதை மாற்றாமல் விட்டார். உலகம் இன்னும் அந்த டேப்பை அடித்துக்கொண்டிருக்கிறது.)

இனி 15-க்கு வருவோம். 1977-இல் ஓர் எழுத்து என்றால் ஒரு பைட். யாரும் முடிவெடுத்து வைத்த கொள்கையல்ல அது. வேறு விதமாக நினைக்க அன்று யாருக்கும் தேவை இருக்கவில்லை. 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் யூடிஎஃப்-8 முறையை வகுத்தார்கள். பழைய ஆஸ்கி எழுத்துகள் அதில் பைட் மாறாமல் அப்படியே இருக்கும். மற்ற மொழிகளின் குறிகளுக்கு இரண்டு முதல் நான்கு பைட்டுகள். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறிகள். ஆக 15 பைட்டுகள்.

குனு ஆக் இதை முன்பே கற்றுக்கொண்டுவிட்டது. மூல ஆக்கோ பைட்டையே எண்ணிக்கொண்டிருந்தது. 2022-இல், 80 வயதில், கெர்னிகனே அமர்ந்து அதற்கு யூனிகோட் ஆதரவை எழுதினார். குனு ஆக்கைப் பேணிவரும் ஆர்னால்ட் ராபின்ஸுக்கு அதைப் பற்றி எழுதியபோது, ‘கிட்’ தனக்கு இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்றும் ஒப்புக்கொண்டிருந்தார். ‘கிட்’ தெரியாதவர் நிரலாளரே இல்லை என்று பேசும் இளைஞர்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.

வேலை சிறியதல்ல. தேடும் பகுதியில், இயந்திரத்தின் ஒவ்வொரு நிலைக்கும் வரக்கூடிய எல்லா எழுத்துகளுக்கும் தலா ஓர் இடம் என்று அட்டவணை போடப்பட்டிருந்தது. எழுத்துகள் 256-க்குள் இருந்தவரை அது சரி. யூனிகோட்டின் இடங்களோ 11 லட்சத்துக்கும் மேல். ஆகவே உண்மையில் எதிர்ப்பட்ட குறிகளை மட்டும் குறித்து வைக்கும் வேறொரு அமைப்பு வந்தது. வெறும் ஆஸ்கியைக் கையாளும் பழைய நிரல்களுக்கு விடை எதுவும் மாறவில்லை. அது யூடிஎஃப்-8 செய்த உபகாரம். யூடிஎஃப்-8 ஆகச் செல்லாத பைட் உள்ளே வந்தால் அதைத் தனியோர் எழுத்தாக எண்ணிக்கொண்டு நகர்கிறது. ஆனால் நீளம் என்றால் பைட் என்று நம்பி ஆஸ்கி அல்லாத எழுத்துகளை அளந்துவந்த நிரல் ஒன்று எங்கோ இருந்திருந்தால், அதன் கணக்கு மாறித்தான் போயிற்று. அதற்கு இம்முறை நஷ்டஈடு இல்லை. இரட்டை மேற்கோளுக்குள் காற்புள்ளி வரும் சிஎஸ்வி கோப்புகளுக்கோ தனித் தெரிவு ஒன்றையே சேர்த்தார்கள். கேட்டால்தான் அது விழிக்கும். 2023-இல் வந்த ஆக் நூலின் இரண்டாம் பதிப்பு இரண்டையும் விளக்குகிறது.

5-லிருந்து 3-க்குப் போகும் வழியை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். ஆகாரக் குறி முதல் புள்ளி வரையிலான வரம்பை அடைப்புக்குள் கொடுத்து, அதில் அடங்கும் குறிகளை நீக்கிவிட்டு எண்ணச் சொன்னால் புதிய ஆக் ‘தமிழ்’ என்பதற்கு 3 என்கிறது. பைட் எண்ணிய பதிப்பில் இப்படியொரு வரம்பைக் கொடுத்துப் பயனில்லை. ‘க்ஷ’ வந்தால் இந்த வழியும் 2 என்று எண்ணுகிறது. அதை ஒன்றென்பவர்களும் இரண்டென்பவர்களும் நம்மிலேயே உண்டு.