அடுத்த வீட்டுக்குப் போன நேரம்: மெய்நிகர் இயந்திரங்களை அளந்த வரலாறு

எங்கட தளம் கொஞ்ச நாள் ஆமை வேகத்தில ஓடினது சிலருக்கு ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் திறக்கிறதுக்குள்ள தேத்தண்ணி ஆறிவிடும். தளம் இருந்தது மாத வாடகைக்கு எடுத்த ஒரு மெய்நிகர் இயந்திரத்தில். உள்ளே நுழைந்து ‘டொப்’ கட்டளையைப் போட்டுப் பார்த்தோம். எங்கட நிரல்கள் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் சீபியூ வரியின் கடைசியில், ‘எஸ்டி’ என்ற இரண்டெழுத்துக்கு முன்னால், 30க்கு மேல் ஒரு எண் நின்றது. வாடகைக்குத் தந்தவர்களிடம் கேட்டோம். “எங்கட பக்கம் எல்லாம் சரி, உங்கட நிரலைப் பாருங்கோ” என்று பதில் வந்தது.

அந்த எண் என்ன, எங்கிருந்து வந்தது எண்டு தேடப்போய், அறுபது வருசத்துக் கதைக்குள்ள விழுந்துவிட்டோம்.

கணினி ஒரு மண்டபத்தை நிரப்பும் அளவுக்குப் பெரிதாகவும், ஒரு பல்கலைக்கழகத்துக்கே ஒன்றிரண்டு வாங்குவது கஷ்டமாகவும் இருந்த காலம். 1961 நவம்பரில் எம்.ஐ.ரி.யில் பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு சி.ரி.எஸ்.எஸ். என்ற முறையைச் செய்துகாட்டியது. ஒரே கணினியின் நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் பலருக்குக் கொடுப்பதுதான் அது. பங்கு என்று வந்துவிட்டால் கணக்கும் வந்துவிடும். யார் எவ்வளவு எடுத்தார்கள் என்று அளக்காமல் பந்தி பரிமாற முடியாதே.

அடுத்த அடியை அதே ஊரில் இருந்த ஐ.பி.எம். கேம்பிரிஜ் விஞ்ஞான நிலையம் வைத்தது. ரொபர்ட் கிரீசியும் லெஸ் கோமோவும் முன்னின்று செய்த சிபி-40, 1967 ஜனவரியில் வேலைக்கு வந்தது. ஒரு கணினிக்குள் 14 பொய்க் கணினிகள், ஒவ்வொன்றுக்கும் 256 கே நினைவகம். உள்ளே இருப்பவருக்குத் தனக்கென்று ஒரு முழுக் கணினி இருப்பதாகத் தோன்றும்.

தோற்றம் அழகானது, ஆனால் இரும்பு ஒன்றுதான். எல்லாரும் ஒரே நேரத்தில் நினைவகம் கேட்டால், தட்டில் இருந்து பக்கங்களைக் கொண்டுவருவதும் திருப்பி வைப்பதுமாகவே கணினியின் காலம் போய்விடும், உருப்படியான வேலை எதுவும் நடக்காது. 1968இல் பீட்டர் டெனிங் இதற்கு ஒரு அளவுகோல் தந்தார். ஒரு நிரல் அண்மையில் தொட்ட பக்கங்கள் எவையோ, அவையே அதன் உண்மையான தேவை. அதற்கு இடமில்லை என்றால் அந்த நிரலை ஓடவே விடாதே. கேட்கிற அளவும் தேவையான அளவும் வேறுவேறு என்ற இந்த எண்ணம் இன்றும் இந்தத் துறையின் அத்திவாரம்.

1972 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஐ.பி.எம். விஎம்/370ஐ அறிவித்தது. அதில் ஒரு பயனாளர் நேரத்தைக் கேட்டால் இரண்டு எண்கள் கிடைக்கும். ஒன்று, அவருடைய இயந்திரம் தன் வேலைக்குச் செலவழித்த நேரம். மற்றது, அவருக்காக மேலாண்மை நிரல் செலவழித்ததையும் சேர்த்த மொத்த நேரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் மெய்நிகர் என்ற சொகுசுக்கான விலை. ஆனால் எல்லாம் எல்லாருக்கும் தெரியவில்லை. சாதாரணப் பயனாளருக்குத் தன் கணக்கும் மொத்தச் சுமையும் மட்டும். மற்றவர்களின் கணக்கைப் பார்க்க வேறு தரத்து அனுமதி வேணும்.

1974இல் பொப்பெக்கும் கோல்ட்பேர்க்கும் எழுதிய ஆய்வுக்கட்டுரை மெய்நிகர் இயந்திரத்துக்கு இலக்கணம் வகுத்தது. வளங்கள் முழுவதும் மேலாளரின் கையில் இருக்க வேண்டும். உள்ளே ஓடும் நிரல் நிஜக் கணினியில் ஓடுவது போலவே நடக்க வேண்டும், ஆனால் கிடைக்கிற வளத்தின் அளவிலும் நேரத்திலும் மட்டும் வித்தியாசம் இருக்கலாம். எங்கட தளம் மாட்டுப்பட்டது அந்த விதிவிலக்குக்குள்ளதான். எல்லாம் சரியாக நடக்கும், பிந்தி நடக்கும்.

விஎம் அதன் மூல நிரலோடுதான் வாடிக்கையாளர்களின் கைக்குப் போனது. அவர்கள் அதைத் திறந்து பார்த்தார்கள், திருத்தினார்கள், அளக்கும் கருவிகளைத் தாங்களே எழுதிப் பகிர்ந்தார்கள். 1983 பெப்ரவரியில் ஐ.பி.எம். இனி மூல நிரல் தரமாட்டோம் என்ற கொள்கையை அறிவித்தபோது, பயனாளர் சங்கங்கள் பல வருசம் எதிர்த்துச் சண்டை பிடித்தன. கோபம் புரிகிறது. உள்ளே என்ன நடக்குது எண்டு பார்க்கிற கண்ணை மூடினால் கேள்வி கேட்கவும் முடியாது.

பிறகு மலிவான கணினிகள் வந்தன, பங்கிடும் தேவை குறைந்தது. 1998இல் தொடங்கிய விஎம்வெயார், 2001இல் ஈஎஸ்எக்ஸ் சேர்வரைக் கொண்டுவந்து பழைய கதையைச் சாதாரண இன்டெல் இயந்திரங்களில் மறுபடி தொடங்கியது. அடுத்த வருசம் அங்கே வேலை செய்த கார்ல் வால்ட்ஸ்பேர்கர் எழுதிய கட்டுரை படிக்க ருசியானது. விருந்தாளி இயந்திரம் தன் நினைவகத்தில் எவ்வளவை உண்மையில் பாவிக்கிறது என்று ஹொஸ்ட் எப்படி அறிவது? 30 செக்கனுக்கு ஒருமுறை 100 பக்கங்களை எழுந்தமானமாக எடுத்து, அவற்றில் எத்தனை தொடப்படுகின்றன என்று எண்ணினால் போதும் என்றார். சோற்றுக்குப் பதம் பார்க்கிற அதே முறை. சும்மா கிடக்கும் நினைவகத்துக்கு ‘வரி’ விதித்து, தேவைப்பட்டவருக்கு மாற்றிக் கொடுக்கும் வழியும் அதே கட்டுரையில் உண்டு.

இந்த அளவீடுகளெல்லாம் ஹொஸ்டின் பக்கம். குடியிருப்பவருக்கு ஒரு யன்னல் திறந்தது 2005இல், லினக்ஸ் 2.6.11 பதிப்பில். ‘ஸ்டீல்’, அதாவது திருடப்பட்ட நேரம், என்ற எண் சேர்க்கப்பட்டது அதில்தான். நான் ஓடத் தயாராக நின்றேன், ஆனால் ஹொஸ்ட் சீபியூவை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டது. அப்படிக் காத்திருந்த நேரத்தின் கணக்குத்தான் நாங்கள் கண்ட ‘எஸ்டி’. 2006இல் அமேசன் ஈசி2 வந்த பிறகு, முன்பின் தெரியாத ஆட்கள் ஒரே இரும்பில் குடியிருப்பது உலக வழக்கமாகிவிட்டது. அந்தச் சின்ன எண்ணின் பெறுமதியும் கூடியது.

இருக்கிற அளவுக்கு மேல் வாடகைக்கு விடுவது தானாகவே மோசடி ஆகாது. எல்லாரும் ஒரே நேரத்தில் வேலை செய்வதில்லை என்ற கணிப்பில்தான் 1961இல் இருந்து எல்லாமே ஓடுகிறது. அதனால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு மலிவாக ஒரு இடம் கிடைக்கிறது. கணிப்பு பிழைக்கும்போது அது முதலில் யாருக்குத் தெரியும், யார் சொல்வது நம்பப்படும் என்பதுதான் பிரச்சினை.

கடைசியில் நாங்கள் ஐந்து நிமிசத்துக்கு ஒருமுறை அந்த எண்ணைத் தானாகப் பதியும்படி சின்ன நிரல் ஒன்று எழுதி, ஒரு வாரக் கணக்கை அனுப்பினோம். இரண்டாம் நாள் வேறொரு ஹொஸ்டுக்கு மாற்றிவிட்டார்கள். விளக்கம் ஒன்றும் வரவில்லை. இப்போது அந்த எண் பெரும்பாலும் பூச்சியம். நிரலை மட்டும் நாங்கள் நிறுத்தவில்லை.