அதிரும் கருவியும் அடைக்கப்படாத பல்லும்: மலையகப் பெருந்தோட்ட வரலாற்றில் ஒரு சிறு பக்கம்

1

மலையகத் தமிழ்த் தொழிலாளரின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மூன்று பொருள்களையே மையமாகக் கொண்டுள்ளனர்: குடிபெயர்வு, கூலி, குடியுரிமை. இவை மூன்றும் அடிப்படையானவை என்பதில் ஐயமில்லை. எனினும், உழைப்போரின் உடல் எவ்வாறு பேணப்பட்டது, எவ்வாறு பேணப்படாது விடப்பட்டது என்னும் வினா இம்மூன்றினின்றும் பிரித்து நோக்கத்தக்கதன்று. இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது அவ்வுடலின் மிகச் சிறிய பகுதியொன்றை, அதாவது பல்லை. இன்னும் குறிப்பாகக் கூறின், பற்குழியினுள்ளும் பல்லச்சினுள்ளும் பொருளை அதிர்வினாலும் அழுத்தத்தினாலும் செறிய அடைக்கும் சிறு கைக்கருவியை. நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்கள் பற்றிய ஆய்வில் இக்கருவிக்கு என்ன இடம் என வாசகர் வினவக்கூடும். அது அங்கு வந்து சேராமையே எமது ஆய்வுப்பொருளாகும்.

இயற்கை உயிரிகளின் உறுப்புகள் உருவான வரலாற்றை டார்வின் ஆராய்ந்தது போன்று, சமூக மனிதனின் உற்பத்தி உறுப்புகளாகிய கருவிகளின் வரலாறும் ஆராயப்பட வேண்டும் என்பதை மார்க்சு ‘மூலதனம்’ முதலாம் தொகுதியின் அடிக்குறிப்பொன்றிலே சுட்டிச் சென்றார். அந்நூல் வெளிவந்த 1867ஆம் ஆண்டிலேயே கண்டிக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலையைப் பயிரிட்டார். இவ்விரு நிகழ்ச்சிகளும் ஓராண்டில் நிகழ்ந்தமை தற்செயலே. ஆயின் முன்னது எழுப்பிய வினாவைப் பின்னது தோற்றுவித்த சமூகத்தின்மீது பொருத்திப் பார்ப்பது எமது கடமையாகும்.

2

பற்குழியை அடைக்கும் கலை பொன்னுடன் வளர்ந்தது. தூய பொற்றகட்டின் துண்டுகள் சூடேற்றப்பட்டபின் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுந் தன்மையன என்பதை அமெரிக்கரான ரொபேட் ஆர்தர் 1855இல் எடுத்துக்காட்டினார். அதன்பின் அத்துண்டுகளை ஒவ்வொன்றாகக் குழியினுள் இட்டு, முனையுள்ள கருவியை அதன்மேல் நிறுத்திச் சிறு சுத்தியலால் தட்டித் தட்டி இறுக்கும் முறை பரவியது. ஒரு பல்லுக்கு நூற்றுக்கணக்கான தட்டுகள் வேண்டியிருந்தன. பிலடெல்பியாவைச் சேர்ந்த பல் வைத்தியர் வில்லியம் பொன்வில், தந்திக் கருவியின் மின்காந்தம் இரும்பு நெம்பை விரைந்து இழுத்து விடுவதைக் கண்டு, அதே தத்துவத்தைக் கைக்கடக்கமான சுத்தியலொன்றில் அமைத்தார். 1870களில் வழக்கிற்கு வந்த இம்மின்காந்தச் சுத்தியலே அதிர்வினால் பொருளைச் செறிக்கும் பல் வைத்தியக் கைக்கருவிகளின் முன்னோடிகளுள் தலையாயது. பிற்காலத்தில் வெள்ளியும் பாதரசமும் சேர்ந்த இரசக்கலவையைக் குழியில் இறுக்குவதற்கும் அதிருங் கருவிகள் செய்யப்பட்டன.

பொய்ப்பல் செய்யும் கூடத்திலும் இதே தத்துவம் பயன்பட்டது. வாயின் வடிவை அச்செடுத்து, அவ்வச்சினுள் பாரிஸ் சாந்துக் குழம்பை ஊற்றும்போது காற்றுக் குமிழிகள் தங்கிவிடின் வார்ப்பு பழுதாகும். அச்சினை அதிரச் செய்தால் துகள்களுக்கிடையிலான உராய்வு குறைந்து குழம்பு இளகி ஓடுகிறது. அது மூலைமுடுக்குகளிற் சென்று படிய, குமிழிகள் மேலெழுந்து வெளியேறுகின்றன.

இது மலையகத் தொழிலாளர் அறியாத தத்துவமன்று. தேயிலைத் தொழிற்சாலையில் மரப்பெட்டியை அதிரும் மேடைமீது வைத்துத் தூளைக் கொட்டி, இடைவெளியின்றிச் செறியச் செய்யும் பொதி இயந்திரத்தை அவர்கள் நாள்தோறும் கண்டுள்ளனர். கப்பற் கூலி பெட்டியின் கன அளவோடு தொடர்புடையதாகையால் பெட்டியினுள் வெற்றிடம் இருத்தலாகாது என்பதே அதன் பொருளாதாரம். தேயிலைப் பெட்டியின் வெற்றிடத்தைப் பொறுக்காத அமைப்பு, அப்பெட்டியை நிரப்பியவரின் பற்குழியைப் பல தலைமுறைகள் பொறுத்துக்கொண்டது.

3

இலங்கைத் தொழிலாளரின் உழைப்புக்கும் உலகின் பொய்ப்பல்லுக்கும் நேரடித் தொடர்பொன்றும் இருந்தது. 1850கள்வரை நல்ல பொய்ப்பல் என்பது பொன்னாலோ யானைத் தந்தத்தாலோ அமைந்தது, செல்வருக்கே உரியது. கந்தகம் சேர்த்துச் சூடேற்றிக் கடினமாக்கிய இறப்பர் இந்நிலையை மாற்றியது. இளகிய இறப்பரைச் சாந்து அச்சினுள் துண்டு துண்டாக அடைத்து, அழுத்தி மூடி, நீராவியில் வேகவைத்தால் வாய்க்குப் பொருந்திய அடித்தளம் கிடைத்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடுத்தர வகுப்பினர் பொய்ப்பல் கட்டிக்கொள்ள இதுவே வழிவகுத்தது. அமெரிக்காவில் இதற்குரிய காப்புரிமையை வைத்திருந்த நிறுவனம் ஒவ்வொரு பல் வைத்தியரிடமும் பணம் அறவிட்டது. அவ்வறவீட்டால் நெருக்குண்ட வைத்தியர் ஒருவர் 1879இல் சான்பிரான்சிஸ்கோவில் அந்நிறுவனத்தின் பொருளாளரைச் சுட்டுக்கொன்றார். அறிவும் தனியுடைமையாகும்போது அதன் முரண்பாடு எவ்வளவு கூர்மையடையும் என்பதற்கு இஃது ஓர் உதாரணமாகும்.

இறப்பர் எங்கிருந்து வந்தது? தொடக்கத்தில் பிரேசிலின் காடுகளிலிருந்து. 1876இல் அங்கிருந்து இலண்டன் கியூ பூங்காவுக்குக் கொண்டு செல்லப்பட்ட விதைகளின் நாற்றுகள் அவ்வாண்டிலேயே ஹேனரத்கொடப் பூங்காவுக்கு அனுப்பப்பட்டன. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பகுதிகளில் இறப்பர்த் தோட்டங்கள் பெருகின. முதலாம் உலகப் போர்க்காலமளவில் ஆசியத் தோட்ட இறப்பர், காட்டு இறப்பரை உலகச் சந்தையில் விஞ்சிவிட்டது. இத்தோட்டங்களிற் பால் வெட்டியவருட் பெருந்தொகையினர் தேயிலை மலைகளுக்கு ஆள் சேர்த்த அதே கங்காணி முறையினால் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். தேயிலைத் தொழிலாளரின் உறவினர். 1930களின் இறுதியில் அக்ரிலிக் பிசின் பல் வைத்தியத்துட் புகுந்து இறப்பரின் இடத்தைப் பிடிக்கும்வரை, ஐரோப்பியரின் பல்லச்சுகளுட் செறிக்கப்பட்ட பொருளில் இவ்வுழைப்பும் கலந்திருந்தது. பண்டம் தன் பிறப்பை மறைக்கும் இயல்பினது என்ற மார்க்சின் கருத்துக்கு வாய்க்குள்ளேயே ஒரு சான்று உண்டு.

4

இனி, தோட்டத்தின் வைத்திய அமைப்பை நோக்குவோம். தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகள் பற்றிய கட்டளைச்சட்டம் முதலில் 1872இல் கோப்பிக் காலத்தில் இயற்றப்பட்டது. 1912இல் அது விரிவான வடிவம் பெற்றது. மாவட்ட வைத்தியசாலைகளும் தோட்ட மருந்தகங்களும் இவற்றின்வழி அமைந்தன. இச்சட்டங்களைப் பிறப்பித்தது கருணை மாத்திரமன்று. இறந்துபோகும் தொழிலாளிக்கீடாக மற்றொருவரைக் கடல் கடந்து கொண்டுவருவதற்கு ஆகும் செலவும் அவற்றின் பின்னணியில் நின்றது. ஆகவே கொலராவும் அம்மையும் கவனம் பெற்றன. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியுடன் தோட்டங்களிற் கொளுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியமையும் இத்தகையதே. கொளுக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சி உழைப்புத் திறனை நேரடியாகக் குறைத்தது. எனவே அதை ஒழிப்பது இலாபகரமானதாயிற்று.

பல்வலியோ ஆளைக் கொல்வதில்லை. வீங்கிய கன்னத்தோடும் கொழுந்து பறிக்கலாம். வலி பொறுக்கவியலாதபோது மருந்தகத்தில் வலி தணிக்கும் மருந்து, அல்லது தூரத்து வைத்தியசாலைக்குச் செல்ல ஒரு துண்டு; முடிவிற் குறடு. பல்லைப் பிடுங்குவது வலியை ஒரே நாளில் தீர்த்து ஆளை மறுநாட் பெரட்டுக்கு அனுப்பிவிடும். அடைப்பதோ பல்லைக் காப்பது. அதன் பயன் உழைப்பவருக்கே உரியது, பல ஆண்டுகளுக்கு நீள்வது. குறட்டுக்கும் அடைகருவிக்கும் இடையிலுள்ள வேறுபாடு தொழில்நுட்ப வேறுபாடு மட்டுமன்று. உழைப்புச் சக்தியை அன்றாடம் மீட்டெடுப்பதற்கும் உழைக்கும் மனிதரைப் பேணுவதற்கும் உள்ள வேறுபாடே அது.

மின்சாரம் இன்மையே காரணம் எனச் சிலர் வாதிடக்கூடும். இவ்வாதம் இருவகையிற் பிழையானது. முதலாவதாக, மின்சாரம் அம்மலைகளிலேயே பிறந்தது. லக்சபான நீர்மின் நிலையம் 1950இல் நோட்டன் பிரிட்ஜ் பகுதியில் இயங்கத் தொடங்கியது. காசல்ரீ, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கங்கள் 1960களில் அதே சூழலில் எழுந்தன. ஆனால் அந்நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த லயக் காம்பிராக்களிற் பல, பின்னரும் பல பத்தாண்டுகள் குப்பிவிளக்கிலேயே இருந்தன. இரண்டாவதாக, பல்லை அடைக்க மின்சாரம் இன்றியமையாததன்று. பொன்வில்லின் சுத்தியலுக்கு முன்னும் பின்னும் கையாற் தட்டும் சுத்தியல் இருந்தது. 1871இல் அமெரிக்கரான மொறிசன் காப்புரிமை பெற்ற பற்றுளை பொறி காலால் மிதித்து இயக்கப்படுவது. இரசக்கலவையைக் கையழுத்தத்தாலேயே இறுக்கலாம். ஆகவே கருவி வராமைக்குக் கருவியைக் காரணமாகக் காட்டவியலாது.

உண்மையான தடையைச் செக்ரோலிற் காணலாம். தோட்டக் கூலி ‘பேர்’ கணக்கில் விழுவது. ஒரு நாள் வேலைக்குச் செல்லாவிடின் பேர் இல்லை. நேரங் கழித்து வந்தால் அரைப்பேர். பொய்ப்பல் கட்டிக்கொள்ள வேண்டின் அச்செடுக்க ஒருமுறை, கடிவாய் அளவெடுக்க ஒருமுறை, மெழுகிற் பொருத்திப் பார்க்க ஒருமுறை, பெற்றுக்கொள்ள ஒருமுறை, உறுத்துமிடத்தைத் தேய்த்துச் சீராக்க மேலும் ஒருமுறை எனக் குறைந்தது நான்கைந்து தடவை நகருக்குச் செல்லல் வேண்டும். அதாவது பல்லின் விலைக்கும் பஸ் கட்டணத்துக்கும் மேலாக நான்கைந்து பேர் இழப்பு. பல்லில்லாத வாயோடு வாழப் பழகுதல் அறியாமையின் விளைவு என்று கூறுவோர் இக்கணக்கைப் போட்டுப் பார்த்தவரல்லர்.

5

வெற்றிலையைப் பற்றிக் குறிப்பிடாது தோட்டத்து வாயைப் பற்றி எழுதவியலாது. விடியற்காலைக் குளிரில் மலையேறுவோருக்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை ஆகியவை உடலுக்குச் சூடு, பசிக்கு இடைக்காலத் தீர்வு, அட்டைக்கு மருந்து, பேச்சுக்குத் துணை. சி. வி. வேலுப்பிள்ளை முதலியோர் திரட்டித் தந்த மலையக நாட்டார் பாடல்களை இலக்கிய மாணவர் என்ற முறையிற் பயின்றபோது, வெற்றிலையைக் காதலின் குறியீடாகவும் உறவின் அடையாளமாகவுமே நாம் விளக்கி வந்தோம். அவ்விளக்கம் பிழையன்று, ஆயின் அரைகுறையானது. புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோயை விளைவிப்பது என 1985இலும், பாக்கு தனித்தும் அவ்வாறானதே என 2004இலும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்தது. வாயின் உட்புறம் இறுகித் திறக்கவியலாது போகும் நோயும் பாக்கினால் வருவதே. இந்நோய் முற்றியவரின் வாயினுள் அச்செடுக்கும் தட்டைக்கூட நுழைப்பது கடினம். பல்லச்சும் அடைகருவியும் கடைசியில் வந்து சேரும் வேளையிலும் வாய் திறவாது போகும் என்பதே இதன் பொருள்.

பசியை அடக்க மென்றது பழக்கமாயிற்று, பழக்கம் பண்பாடாயிற்று, பண்பாடு நோயாயிற்று. இச்சங்கிலியின் முதற்கண்ணியை விடுத்து இறுதிக் கண்ணியை மட்டும் கண்டிக்கும் சுகாதாரப் போதனை, தொழிலாளரையே குற்றவாளியாக்கி முடிகின்றது.

6

சுதந்திர இலங்கையில் நிலை மாறியதா? இலங்கைப் பல்கலைக்கழகத்தில் பல் வைத்தியக் கல்வி 1943இல் கொழும்பில் ஆரம்பமாகி, 1954இல் பேராதனைக்கு வந்தது. நீண்டகாலம் நாட்டின் ஒரேயொரு பல் வைத்தியப் பீடம் மலையகத்தின் வாயிலிலேயே இருந்தது. நானுஓயா, அட்டன் நிலையங்களிலிருந்து புகையிரதத்தில் ஏற்றப்பட்ட தேயிலை பேராதனைச் சந்தியைக் கடந்தே கொழும்பு சென்றது. எனினும் 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையும் வாக்குரிமையும் இழந்த மக்களுக்கு அரச சேவைகளைக் கோரும் அரசியல் வலு இருக்கவில்லை. 1950களில் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமையிற் பயிற்சி பெற்ற பாடசாலைப் பல் சிகிச்சையாளர்களின் பணி அரச பாடசாலையைச் சார்ந்தது. தோட்டப் பாடசாலைகளோ 1970களில் அரசு அவற்றைக் கையேற்கத் தொடங்கும்வரை தோட்ட நிர்வாகத்தின் கீழ் இருந்தவை. 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களின்பின் தோட்டங்கள் அரசுடைமையாகி, 1992இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணி 1990களிற் தொடங்கிப் பல பத்தாண்டுகள் இழுபட்டது. உடைமை மாறியபோதும் ‘பேர்’ மாறவில்லை.

இங்கு எம்மையும் நாம் விமரிசித்துக்கொள்ள வேண்டும். தொழிற்சங்கங்களும் இடதுசாரிகளும் கூலிக்காகவும் உரிமைக்காகவும் போராடியமை பெருமைக்குரியது. ஆனால் உடலின் பேணலை நாம் பெரும்பாலும் வைத்தியரின் பணியாகவோ தருமவான்களின் பணியாகவோ விட்டுவிட்டோம். பல் வைத்தியத்துக்குச் செல்லும் நாளுக்கும் முழுப்பேர் வேண்டும் என்னும் கோரிக்கை, கூலிக் கோரிக்கையினின்றும் வேறானதன்று.

இக்கோரிக்கைக்குத் தொழில்நுட்பம் தடையாக இல்லை. 1980களில் தன்சானியாவில் மின்சாரமற்ற கிராமங்களில் வகுத்தெடுக்கப்பட்ட முறையொன்றில், சூத்தையைக் கைக்கருவியாற் சுரண்டி, ஒட்டும் இயல்புடைய கண்ணாடித்துகட் சாந்தைக் குழியிலிட்டு விரலால் அழுத்தி அடைப்பர். 1994இல் உலக சுகாதார நிறுவனமும் அதனை ஆதரித்தது. பொன்வில்லின் மின்காந்தத்திற்கு 100 ஆண்டுகளுக்குமேற் கழித்து, அழுத்தும் விரலுக்கே திரும்பி வந்த இம்முறை ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றது: வறியவரின் பல்லை அடைக்கத் தேவைப்படுவது விலையுயர்ந்த கருவியன்று, அடைக்க வேண்டும் என்ற சமூகத் தீர்மானமே.

ஒரு தோட்ட மருந்தகத்தின் பழைய பதிவேட்டிலே எத்தனை பற்கள் பிடுங்கப்பட்டன, எத்தனை அடைக்கப்பட்டன எனும் இரு நிரல்களை இளம் ஆய்வாளர் எவரேனும் தேடியெடுத்து ஒப்பிடுவராயின், ஆணைக்குழு அறிக்கைகள் கூறாத வரலாறொன்று வெளிப்படும். அத்தகைய பதிவேடுகள் செல்லரித்துப் போகுமுன் அப்பணி தொடங்கப்படல் வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.