மிதிவண்டியை விட்டு இறங்காத உரிமை



பிறர் நிலத்தின் வழியே செல்லும்போது எப்படி நடந்துகொள்ள வேண்டும்? குதிரையிலோ, வண்டியிலோ, மிதிவண்டியிலோ ஏறிச் செல்பவன் எதிரே வருபவருக்கு என்ன மரியாதை செய்ய வேண்டும்? கேட்பதற்கு மிகச் சிறிய கேள்வியாகத் தோன்றும். ஆனால், நம் கிள்ளான் மண்ணில் இந்தச் சிறிய கேள்வி ஒரு பெரிய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைப் பட்டியலில் இடம்பெற்றிருக்கிறது. அந்த வரலாற்றை இன்று நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்? அதனை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழிவிடுதல் என்னும் பண்பு

முதலில் பொதுவான வழக்கத்தைப் பார்ப்போம். உழவர் வாழும் நாடுகளில் எல்லாம் வயல்வழிப் பாதைகளுக்கென்று எழுதப்படாத ஒழுங்கு ஒன்று உண்டு. பயிரை மிதிக்காமல் வரப்போடு செல்ல வேண்டும். திறந்த படலை மீண்டும் சாத்த வேண்டும். சுமையோடு வருபவருக்கு வெறுங்கையோடு வருபவர் வழிவிட வேண்டும். நம் முன்னோர் தமிழகச் சிற்றூர்களில் கடைப்பிடித்த இந்த ஒழுங்கை எவரும் சட்டப் புத்தகத்தைப் பார்த்துக் கற்கவில்லை.

இங்கிலாந்தில் இதற்குச் சட்ட வடிவமே இருக்கிறது. அங்கே தனியார் வயல்களின் ஊடே செல்லும் பல பாதைகளில் பொதுமக்கள் நடந்தும் குதிரையில் ஏறியும் செல்லலாம். நிலம் ஒருவருடையது, கடந்து செல்லும் உரிமை ஊராருடையது. 1968-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நாட்டுப்புறச் சட்டம் அத்தகைய குதிரைப் பாதைகளில் மிதிவண்டி ஓட்டுவதற்கும் இடமளித்தது. ஆனால் ஒரு நிபந்தனை: மிதிவண்டியில் வருபவர், நடந்து செல்பவருக்கும் குதிரையில் செல்பவருக்கும் வழிவிட வேண்டும். 2022-இல் திருத்தப்பட்ட அந்நாட்டுச் சாலை விதிநூல், குதிரையைக் கடக்கும் மோட்டார் வண்டிகள் மணிக்கு 10 மைலுக்கு மேற்படாத வேகத்தில், குறைந்தது 2 மீட்டர் இடைவெளி விட்டுச் செல்ல வேண்டும் என்று அறிவுறுத்துகிறது.

இந்த விதிகளின் உட்பொருளைக் கவனியுங்கள். எளிதில் அடிபடக் கூடியவருக்கு வலியவர் வழிவிட வேண்டும் என்பதே இவற்றின் அடிப்படை. இங்கே மரியாதை வலியவரிடமிருந்து எளியவரை நோக்கிச் செல்கிறது. நம் தோட்டங்களிலோ அது தலைகீழாக இருந்தது!

தோட்டத்துச் சாலை யாருடையது?

மலாயாவில் இரப்பர்த் தோட்டம் என்பது வெறும் பணியிடம் அன்று. அது ஒரு தனி உலகம். லயத்து வீடு, கோயில், பள்ளிக்கூடம், மருந்தகம், கள்ளுக்கடை எல்லாம் தோட்டத்து எல்லைக்குள்ளேயே இருந்தன. இவற்றை இணைத்த செம்மண் சாலையும் தோட்ட நிறுவனத்தின் சொத்தே. விடியற்காலையில் பெரட்டுக்குச் செல்வதற்கும், பால் வாளியைச் சுமந்து திரும்புவதற்கும், மாலையில் பட்டணத்துக் கடைக்குப் போவதற்கும் தொழிலாளி அந்தச் சாலையைத்தான் மிதிக்க வேண்டும். ஆகவே, தன் வீட்டு வாசலை விட்டு இறங்கிய கணமே அவன் பிறர் நிலத்தில் நடப்பவனாகிவிடுகிறான்.

அந்தச் சாலையில் ஓர் எழுதப்படாத விதி இருந்தது. மிதிவண்டியில் செல்லும் தொழிலாளி எதிரே துரையைக் கண்டால் இறங்கி நிற்க வேண்டும். துரைக்கு மட்டுமா? கிராணிக்கும் இறங்க வேண்டும். அவர்கள் கடந்துபோன பிறகே மீண்டும் ஏற வேண்டும். மிதிவண்டி என்பது அன்றைய தொழிலாளி சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய பொருள். அவனுடைய உழைப்பின் அடையாளமாகிய அந்த வண்டியே அவனைத் தாழ்த்தும் கருவியாகவும் ஆயிற்று.

தமிழகத்திலிருந்து வந்தவர்களுக்கு இது முற்றிலும் புதியதன்று என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மேல்சாதியினர் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும், குடை பிடிக்கக் கூடாது என்னும் கொடுமைகள் அங்கே நிலவின. சில தெருக்களில் கால் வைப்பதே குற்றமாகக் கருதப்பட்டது. 1924-இல் வைக்கத்தில் போராட்டம் எழுந்தது, கோயிலைச் சுற்றியிருந்த சாலைகளில் நடக்கும் உரிமைக்காகத்தான். அதே 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலைகளிலும் தெருக்களிலும் எவரும் நடக்கத் தடையில்லை என்னும் தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றச் செய்தார். பொதுச் சாலையில் நடப்பதற்கே சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட காலம் அது.

அந்தக் காலம் முற்றிலும் முடிந்துவிட்டதா? 2018-இல் உத்தரப் பிரதேசத்தின் காஸ்கஞ்ச் மாவட்டத்தில் தலித் மணமகன் ஒருவரின் மண ஊர்வலம், நீதிமன்றம் வரை சென்று போராடிய பின்னரே, பெரும் காவல்துறைப் பாதுகாப்போடு ஊருக்குள் நடந்தது. தலித் மணமகன் குதிரை ஏறி வருவதை ஏற்காதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எவன் ஏறிச் செல்லலாம், எவன் இறங்கி நிற்க வேண்டும் என்னும் வழக்கு எத்தனை பழையதோ, அத்தனை பிடிவாதமானது.

1941: கிள்ளான்

1937-இல் ஜவாஹர்லால் நேரு மலாயாவுக்கு வருகை தந்து, தொழிலாளர்கள் ஒன்றுபட வேண்டும் என்று வலியுறுத்தினார். 1938-இல் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்கு வரும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்தது. இரப்பர்த் தொழிலாளரின் கூலிக் குறைப்பே இதற்கு முதன்மைக் காரணம். அடுத்து இரண்டாம் உலகப் போர் வந்தது. இரப்பரின் தேவை பெருகியது, விலைவாசியும் உயர்ந்தது. ஆனால் தமிழ்த் தொழிலாளியின் கூலி, அதே வேலையைச் செய்த சீனத் தொழிலாளியின் கூலியைவிடக் குறைவாகவே இருந்தது.

இந்நிலையில் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தொழிலாளர்களை ஒன்றுதிரட்டியது. அதனை முன்னின்று நடத்தியவர்களுள் முதன்மையானவர், தமிழ் நேசன் நாளிதழில் பணியாற்றிய ஆர். எச். நாதன். 1941-இன் முற்பகுதியில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தங்கள் தொடங்கின. கூலி ஓரளவு உயர்ந்தது. ஆனால் அமைதி திரும்பவில்லை. ஏனெனில் தொழிலாளர் கேட்டது கூலி மட்டும் அன்று.

அவர்கள் முன்வைத்த பன்னிரண்டு கோரிக்கைகளை ஒவ்வோர் ஆசிரியரும் ஒருமுறையேனும் படித்துப் பார்க்க வேண்டும். சீனருக்கு இணையான கூலி, கொடுமைக்காரப் பணியாளர்களை நீக்கித் தமிழ் அறிந்தவர்களை அமர்த்துதல், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, பெண்களுக்கு இழைக்கப்படும் தொல்லைகளுக்கு முடிவு, தக்க மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பேசவும் கூடவும் உரிமை, உறவினரும் நண்பரும் தடையின்றித் தோட்டத்துக்குள் வந்துபோக உரிமை, வேலை நேரக் குறைப்பு, குறைகளை எடுத்துரைப்போரைப் பழிவாங்காமை, சங்கம் அமைக்கும் உரிமை. இவற்றோடு ஒன்றாக, ஐரோப்பிய, ஆசியப் பணியாளர்களின் முன்னிலையில் மிதிவண்டியை விட்டு இறங்காமல் செல்லும் உரிமை!

இந்தப் பட்டியலை நான் வகுப்பில் படித்துக் காட்டும்போதெல்லாம், மிதிவண்டியைப் பற்றிய வரியைக் கேட்டு மாணவர்கள் சிரிப்பதுண்டு. "இதற்கெல்லாமா வேலைநிறுத்தம், ஐயா?" என்பார்கள். நான் உடனே விடை சொல்வதில்லை. ஒரு மாணவனை எழுப்பி, வகுப்பில் யார் உள்ளே வந்தாலும் எழுந்து நிற்க வேண்டும், அவர்கள் போகும்வரை உட்காரக் கூடாது, மற்றவர்கள் உட்கார்ந்தே இருக்கலாம் என்று சொல்வேன். ஐந்து நிமிடத்தில் சிரிப்பு அடங்கிவிடும். கூலி குறைந்தால் வயிறு அறியும். மதிப்புக் குறைந்தால் நெஞ்சு அறியும். இதனைப் பத்து வயதுப் பிள்ளையும் உணர்ந்துவிடுகிறது.

1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். அவரை விடுவிக்கக் கோரி வேலைநிறுத்தம் சிலாங்கூரின் பிற பகுதிகளுக்கும் பரவியது. இராணுவம் வரவழைக்கப்பட்டது, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நூற்றுக்கணக்கானோர் கைது செய்யப்பட்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். போராட்டம் அடக்கப்பட்டது.

அதற்கடுத்த ஏழு மாதங்களில் நிகழ்ந்ததை வரலாற்றின் விந்தை என்றே சொல்ல வேண்டும். 1941 டிசம்பர் 8-இல் கோத்தா பாருவில் சப்பானியப் படை தரையிறங்கியது. அப்படையினரில் பெரும் பகுதியினர் மலாயாவின் சாலைகளில் மிதிவண்டிகளிலேயே விரைந்து தெற்கே முன்னேறினார்கள். 1942 சனவரி 11-இல் கோலாலம்பூர் வீழ்ந்தது. அதன்பின் சப்பானியக் காவலரைக் கண்டால் மிதிவண்டியில் வருபவர் எவரானாலும் இறங்கித் தலைவணங்க வேண்டும் என்பது நடைமுறையாயிற்று. தொழிலாளியை இறங்கச் செய்தவர்கள், தாங்களே இறங்க வேண்டிய காலம் வந்தது. ஆயினும் இதில் தொழிலாளிக்கு வெற்றி ஏதுமில்லை. அவனும் இறங்கியே நின்றான். எசமானர் மட்டுமே மாறியிருந்தார்.

இன்று நமக்கு என்ன?

கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. துரையும் இல்லை, பெரட்டுக்களமும் இல்லை. ஆனால் "இது யார் பாதை?" என்னும் கேள்வி மறையவில்லை. 1965-ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டத்தின்படி, நெடுங்காலம் நடந்து பழகியது என்பதனால் மட்டும் பிறர் நிலத்தில் ஒருவருக்கு வழியுரிமை உண்டாவதில்லை. அச்சட்டம் காட்டும் முறைப்படி பெற்றால்தான் அது உரிமை. தலைமுறை தலைமுறையாகக் கோயிலுக்கும் பள்ளிக்கும் தோட்டத்துப் பாதையில் நடந்த நம் மக்கள் இதனை அறிந்திருப்பது நன்று. நிலம் கைமாறும்போது, "எங்கள் தாத்தா நடந்த பாதை" என்னும் சொல் மட்டும் போதாது.

மரியாதை பற்றியும் பேச வேண்டும். ஆசிரியரைக் கண்டால் மிதிவண்டியை விட்டு இறங்கி வணக்கம் சொல்வது நம்மிடையே இருந்த அழகிய பழக்கம். அதனையும் தோட்டத்து விதியையும் ஒன்றாகக் கருதலாமா? கூடாது. இரண்டிலும் உடல் செய்வது ஒரே செயல்தான். உள்ளம் செய்வது வேறு. இவற்றைப் பிரித்தறியப் பிள்ளைகளுக்கு நான் மூன்று கேள்விகளைக் கற்றுத் தருகிறேன்.

1. நான் வணங்கினால் அவர் பதிலுக்கு வணங்குகிறாரா?
2. நான் செய்யாவிட்டால் எனக்குத் தண்டனை உண்டா?
3. இந்த வழக்கம் எளியவரைக் காக்கிறதா, வலியவரை உயர்த்துகிறதா?

இம்மூன்றுக்கும் விடை கண்டால், எது பண்பு, எது அடிமைத்தனம் என்பது தானே விளங்கிவிடும். அடிமைத்தனத்தை எதிர்ப்பதாக எண்ணிப் பண்பையும் தூக்கி எறிந்துவிடாமல் இருக்கவும், பண்பு என்ற பெயரில் அடிமைத்தனத்தைப் புகுத்தாமல் இருக்கவும் இந்தப் பகுத்தறிவு நம் பிள்ளைகளுக்கு வேண்டும். நமக்கும் வேண்டும். பள்ளி வாயிற்காவலர், துப்புரவுப் பணியாளர், உணவு கொண்டுவரும் மோட்டார் சைக்கிள் இளைஞர் ஆகியோரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு காலத்தில் இறங்கி நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். இன்னொருவரை இறங்கி நிற்கச் செய்யும் தகுதி நமக்கு ஒருபோதும் இல்லை.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்தில் தோட்ட வாழ்வை அறிந்த முதியவர் இருந்தால், அவருடைய முதல் மிதிவண்டியைப் பற்றிக் கேட்கும்படி பிள்ளைகளிடம் சொல்லுங்கள். எவ்வளவு கொடுத்து வாங்கினார், எங்கெல்லாம் ஓட்டினார், யாரைக் கண்டால் இறங்கினார் என்று அவர் சொல்வதை எழுதிவைக்கச் செய்யுங்கள். ஆசிரியர்கள் அந்த ஏடுகளைத் தொகுத்து வகுப்பறையில் காட்சிக்கு வைக்கலாம்.

பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்று கேட்ட அதே பட்டியலில்தான் அந்தத் தொழிலாளர்கள் மிதிவண்டி உரிமையையும் கேட்டார்கள். படிப்பும் தன்மானமும் ஒன்றையொன்று பிரியாதவை என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். அவர்கள் கேட்ட கல்வியை இன்று கற்பிக்கும் பொறுப்பு நம்முடையது. அதனைத் தன்மானத்தோடு சேர்த்தே கற்பிப்போம்.