ஈம் கிராமத்தின் எல்லைக்கல்

2023-ஆம் ஆண்டு கோடையில் நானும் என் மனைவியும் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரில் வேலை பார்க்கும் எங்கள் மகன் வீட்டில் மூன்று மாதங்கள் தங்கியிருந்தோம். லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, எடின்பரோ என்று எல்லோரும் பார்க்கும் இடங்களையெல்லாம் நாங்களும் பார்த்தோம். அவற்றைப் பற்றிப் பலர் எழுதியாகிவிட்டது. ஆனால் என் மனத்தில் தங்கிவிட்டது, டார்பிஷயர் மாவட்டத்தின் மலைகளுக்கு நடுவே இருக்கும் ஒரு சிறிய கிராமம். ஷெஃபீல்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெயரை 'ஈம்' என்று உச்சரிக்க வேண்டும். எழுத்துக்கூட்டிப் படித்தால் வேறு எப்படியோ வரும்.

"அப்பா, நீங்க சயின்ஸ் படிச்சவர். உங்களுக்கு இந்த ஊர் பிடிக்கும்" என்றுதான் மகன் அழைத்துப் போனான். போன பிறகுதான் அந்த ஊருக்கும் எனக்கும் ஒரு பழைய கணக்கு இருப்பது தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு துணி மூட்டை

1665-ஆம் ஆண்டு லண்டனில் பிளேக் நோய் தலைவிரித்து ஆடியது. அந்த ஆண்டு கோடை முடியும் சமயம், ஈம் கிராமத்தில் இருந்த அலெக்ஸாண்டர் ஹாட்ஃபீல்டு என்ற தையற்காரருக்கு லண்டனிலிருந்து துணி மூட்டை ஒன்று வந்தது. அவரிடம் வேலை பார்த்த ஜார்ஜ் விக்கர்ஸ் அதைப் பிரித்தார். துணி ஈரமாக இருந்ததால் அடுப்பருகே விரித்து உலர்த்தினார். அதில் இருந்த தெள்ளுப்பூச்சிகள்தான் நோயைக் கொண்டுவந்தன என்று சொல்லப்படுகிறது. சில நாட்களில் அவர் படுத்தார். செப்டம்பர் 7-ஆம் தேதி அடக்கம் செய்யப்பட்டார்.

அந்த வீடு இன்றும் தேவாலயத்தை ஒட்டி நிற்கிறது. இப்போதும் அதில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். வாசலில் பச்சை நிறப் பலகை ஒன்று. விக்கர்ஸ் இறந்த தேதி. வீட்டுக்கார அம்மாள் மேரியின் மகன் எட்வர்டு, வயது 4, செப்டம்பர் 22. இன்னொரு மகன் ஜோனதன், வயது 12, அக்டோபர் 2. கணவர் ஹாட்ஃபீல்டு, மறு ஆண்டு ஆகஸ்ட் 3. மேரி மட்டும் பிழைத்தாள். உறவினர் பதின்மூன்று பேரை இழந்தாள். இவ்வளவுதான் அந்தப் பலகை. அலங்காரமாக ஒரு வார்த்தை கிடையாது. தெருவில் நடந்தால் இப்படிப் பல வீடுகளின் முன் பலகைகள். ஒவ்வொன்றையும் நின்று படித்துக்கொண்டே போனதில் அரை மணி நேர நடைக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று.

இரண்டு பாதிரியார்கள்

குளிர்காலத்தில் நோய் சற்று அடங்கியது. 1666 கோடையில் மறுபடி கிளம்பியது. அப்போது ஊரின் பாதிரியார் வில்லியம் மாம்பெஸன், முப்பது வயதுகூட ஆகாதவர். ஊருக்கு வந்து இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. அவருக்கு முன் இருந்த தாமஸ் ஸ்டான்லி, 1662-இல் அரசு கொண்டுவந்த வழிபாட்டுச் சட்டத்தை ஏற்காததால் பதவி இழந்தவர். ஊர் மக்களின் பாசம் பழையவர் பக்கம் இருந்தது. இருவருக்கும் கொள்கையில் ஒட்டாது. ஆனாலும் அந்த ஜூன் மாதம் இருவரும் சேர்ந்து பேசி மூன்று முடிவுகள் எடுத்து ஊராரைச் சம்மதிக்க வைத்தார்கள்.

முதலாவது, இறந்தவர்களை அந்தந்தக் குடும்பத்தாரே தங்கள் நிலத்தில் புதைத்துவிட வேண்டும். இரண்டாவது, தேவாலயத்தைப் பூட்டிவிட்டு, கக்லெட் டெல்ஃப் என்ற திறந்தவெளிப் பள்ளத்தாக்கில் தள்ளித் தள்ளி நின்று பிரார்த்தனை செய்ய வேண்டும். மூன்றாவதுதான் கடினமானது. ஊரைச் சுற்றி ஓர் எல்லை. அதைத் தாண்டி யாரும் வெளியே போகக் கூடாது, யாரும் உள்ளே வரக் கூடாது. நோய் பக்கத்து ஊர்களுக்குப் பரவாமலிருக்க, தங்களைத் தாங்களே பூட்டிக்கொள்வது.

சாட்ஸ்வொர்த் மாளிகையில் இருந்த டெவன்ஷயர் பிரபு உணவுப் பொருள்கள் அனுப்ப ஒப்புக்கொண்டார். வெளியூரார் சாமான்களை எல்லையில் வைத்துவிட்டுப் போவார்கள். ஈம் மக்கள் அதற்கான காசை வைத்துவிட்டு எடுத்துக்கொள்வார்கள். பக்கத்து ஊரான ஸ்டோனி மிடில்டனுக்குப் போகும் பாதையில் அந்த எல்லைக்கல் இன்றும் கிடக்கிறது. அதில் ஆறு குழிகள். அவற்றில் வினிகரை ஊற்றி அதற்குள் காசுகளைப் போடுவார்களாம். ஊருக்கு வடக்கே உள்ள ஓர் ஊற்றில், ஓடும் தண்ணீரில் காசை வைப்பார்களாம். கிருமி என்ற சொல்லே அவர்களுக்குத் தெரியாது. பிளேக் கிருமியை யெர்சின் என்ற விஞ்ஞானி ஹாங்காங்கில் கண்டுபிடித்தது 1894-இல். தெள்ளுப்பூச்சிதான் அதை எலியிடமிருந்து சுமந்து வருகிறது என்று சைமண்ட் கராச்சியில் நிரூபித்தது 1898-இல். அதற்கு இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு மலைக்கிராமம் தனக்குத் தோன்றியதைச் செய்தது.

அந்த ஆகஸ்ட் மாதம்தான் மிகக் கொடுமையானது. ரைலி என்ற பண்ணையில் எலிசபெத் ஹான்காக் என்ற பெண்மணி எட்டே நாட்களில் கணவனையும் ஆறு குழந்தைகளையும் தன் கையாலேயே இழுத்துச் சென்று புதைத்தாள். வயல் நடுவே சிறு மதில் சூழ்ந்த அந்தக் கல்லறைகளுக்கு மேட்டில் நடந்து போக வேண்டும். மூட்டு வலியோடு என் மனைவியும் ஏறி வந்தாள். "எட்டு நாளா?" என்று ஒரு தடவை கேட்டாள். பிறகு இறங்கும் வரை பேசவில்லை.

ஆகஸ்ட் 25-ஆம் தேதி பாதிரியாரின் மனைவி காத்தரின் இறந்தார். நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர், வயது 27. தேவாலயத் தோட்டத்தில் அவர் சமாதி இருக்கிறது. நவம்பர் முதல் தேதியோடு நோய் ஓய்ந்தது. ஊர்ப் பட்டியலின்படி 76 குடும்பங்களில் 260 பேர் மாண்டிருந்தார்கள். சுற்றியுள்ள ஊர்களுக்கு நோய் பரவவில்லை.

அது சரியான முடிவுதானா?

அறிவியல் படித்தவன் என்பதால் எனக்கு ஒரு சந்தேகம். எலியும் தெள்ளும் ஊருக்குள்ளேயே இருக்கும்போது மனிதர்களையும் உள்ளேயே அடைத்தால் சாவு கூடாதா? ஆரோக்கியமாக இருந்தவர்களை முதலிலேயே திறந்தவெளிக்கு அனுப்பியிருந்தால் பலர் பிழைத்திருப்பார்களே? இந்தக் கேள்வியை அறிஞர்களும் எழுப்பியிருக்கிறார்கள். இதற்கு ஓரளவு பதில் 2016-இல் வெளியான ஒரு கணித ஆய்வில் இருக்கிறது. யார், எந்த வீட்டில், எந்தத் தேதியில் இறந்தார்கள் என்ற தேவாலயப் பதிவேட்டை வைத்துக் கணக்கிட்டதில், ஏறத்தாழ முக்கால் பங்கு தொற்று மனிதரிடமிருந்து மனிதருக்குப் போயிருக்கிறது. எலி வழியாக வந்தது கால் பங்குதான். அப்படியானால் எல்லையை மூடியதில் நியாயம் இருந்திருக்கிறது. 350 ஆண்டுகளுக்கு முன் எழுதிய பதிவேடு இன்றைய கம்ப்யூட்டருக்குத் தீனியாகிறது என்பதை அரசு அலுவலகத்தில் ஃபைல்களோடு வாழ்ந்த என்னைப் போன்றவர்கள் கவனிக்க வேண்டும்.

இன்னொரு விஷயத்தையும் அங்கே மறைக்காமல் சொல்கிறார்கள். எல்லை மூடப்படுவதற்கு முன் வசதி படைத்த சிலர் ஊரை விட்டுப் போய்விட்டார்கள். பாதிரியார் மாம்பெஸனும் தன் இரு குழந்தைகளை முன்கூட்டியே வெளியூருக்கு அனுப்பிவிட்டார். மனைவியையும் போகச் சொன்னார், அவர்தான் மறுத்துவிட்டார்.

1994, சூரத்

இதைப் படித்துக்கொண்டிருந்தபோது மகன் கேட்டான்: "அப்பா, நாமளும் சூரத்திலேர்ந்து ஓடி வந்தோமே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இல்லாமலா? 1994 செப்டம்பரில் மத்திய அரசுப் பணியில் சூரத்தில் இருந்தேன். அவனுக்கு எட்டு வயது. ஒரு நாள் மாலை ஊரெங்கும் 'பிளேக்' என்று பேச்சு. மருந்துக்கடைகளில் டெட்ராசைக்ளின் தீர்ந்துவிட்டது. மறுநாள் ரயில் நிலையத்தில் கால் வைக்க இடமில்லை. சில நாட்களில் லட்சக்கணக்கானவர்கள் அந்த நகரை விட்டு ஓடினார்கள். அதில் நாங்கள் மூவரும் உண்டு. பம்பாய் மாதுங்காவில் என் மனைவியின் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினோம். "உள்ளே வாங்கோ" என்றாள் அந்த அம்மாள், ஒரு கணம்கூடத் தயங்காமல். வெந்நீர் போட்டுக் குளிக்கச் சொல்லி, துணிகளைக் கொதிக்கும் நீரில் முக்கினாள். அவள் வீட்டிலும் இரண்டு குழந்தைகள் இருந்தன என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

எங்களோடு நோய் வரவில்லை, தெய்வாதீனம்தான். அந்த ஆண்டு நாடு முழுவதும் பிளேக்கினால் இறந்தவர்கள் ஐம்பது சொச்சம் பேர் என்று பிறகு கணக்கு வந்தது. மருந்து இருந்த காலம் அது. 1666-உடன் ஒப்பிட முடியாது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. பன்னிரண்டு நாட்கள் கழித்து நான் திரும்பிப் போனபோது எங்கள் அலுவலகம் திறந்திருந்தது. எங்கள் பியூன் ஒருவர் போக இடமில்லாமலோ, போக மனமில்லாமலோ அங்கேயே இருந்து தினமும் கதவைத் திறந்து, தபால்களை வாங்கி, தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார். "சாப், எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சொல்லிச் சாவியை என்னிடம் கொடுத்தார். ஏன் போனாய் என்று அவர் கேட்கவில்லை. நீ ஏன் இருந்தாய் என்று நானும் கேட்கவில்லை. அதிகாரி நான், இருந்தவர் அவர்.

2020 மார்ச் மாதம் நாடு முழுவதும் ஊரடங்கு வந்து, எழுபதை நெருங்கும் வயதில் வாசல் கதவைச் சாத்திக்கொண்டு நாங்கள் உட்கார்ந்தபோது அவர் நினைவு வந்தது. பாலும் காய்கறியும் வாசலில் வைத்துவிட்டுப் போகிறவர்களுக்குக் காசை ஒரு கிண்ணத்தில் போட்டு வைப்போம். ஈம் எல்லைக்கல்லைத் தொட்டுப் பார்த்தபோது அந்தக் கிண்ணம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

எப்படி நினைவில் நின்றது?

1666-இல் எத்தனையோ ஊர்களில் பிளேக் வந்தது. ஈம் மட்டும் ஏன் தெரிகிறது? அங்கே சாவுகள் பதிவேட்டில் எழுதப்பட்டன. பாதிரியார் எழுதிய கடிதங்கள் காப்பாற்றப்பட்டன. 1842-இல் வில்லியம் வுட் என்ற உள்ளூர்க்காரர், பெரியவர்கள் சொல்லக் கேட்டதையெல்லாம் சேர்த்து ஊர் வரலாறு எழுதினார். இருபதாம் நூற்றாண்டில் கிளாரன்ஸ் டானியல் என்ற இன்னொரு உள்ளூர்க்காரர் பழைய பொருள்களைத் தேடித் தேடித் தன் வீட்டிலேயே சேர்த்து வைத்தார். அவர் காலத்துக்குப் பின் அந்தச் சேகரிப்பை வைத்து ஊரார் ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். தொடங்கிய ஆண்டு 1994. நான் சூரத்திலிருந்து ஓடிய அதே ஆண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று ஊர் கூடி அந்த 260 பேரையும் நினைக்கிறது.

அவர்கள் பெரிய சரித்திர ஆசிரியர்கள் அல்லர். தம் தெருவில் யார் எந்த வீட்டில் இருந்தார்கள் என்பதை எழுதி வைத்தவர்கள். நம் சங்க அங்கத்தினர்கள் எத்தனையோ நகரங்களில் இருக்கிறோம். 1994-இல் சூரத்தில் இருந்தவர்கள் நம்மில் நிச்சயம் இருப்பார்கள். 2020-ஐக் கடந்து வந்தவர்கள் எல்லோருமே. உங்கள் கட்டடத்தில் யார் யாருக்கு உதவினார்கள், யார் கதவைத் திறந்தார்கள், யார் திறக்கவில்லை என்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நம்முடைய பெருமையை மட்டும் எழுத வேண்டாம். ஈம்காரர்கள் ஓடிப்போனவர்களையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள்.

ஷெஃபீல்டு திரும்பிய அன்று இரவு நானும் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். முதல் பக்கத்தில் இருப்பது அந்தப் பியூனின் பெயரும், அவர் எங்கள் அலுவலகத்தைத் திறந்து வைத்திருந்த பன்னிரண்டு நாட்களின் தேதிகளும்.